அஞ்சல் தலையில் ஒரு கட்டடக் கலைஞர்

இறையில்லங்களைக் கட்டுவித்தோரின் பெயர்கள் வரலாற்றில் நிலைக்கின்றன; கட்டியோரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. இதற்கு விதிவிலக்காக அமைந்தவர் மிமார் சினான். அவர் மறைந்து (கி.பி. 1588, ஹிஜ்ரி 996) 400 ஆண்டுகள் ஆனதையொட்டி, 1988-இல் துருக்கி அஞ்சல் துறை நினைவு அஞ்சல் தலை வெளியிட்டு அவரைச் சிறப்பித்தது.

'மிமார்' என்றால் கட்டடக் கலைஞர் என்று பொருள். உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ 50 ஆண்டுகள் பணியாற்றிய சினான், 1557-இல் இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா பள்ளிவாசலைக் கட்டி முடித்தார். அதனைச் சூழ மதரஸாக்களும் மருத்துவமனையும் ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடமும் எழுந்தன. பள்ளியினுள் எரிந்த விளக்குகளின் புகைக்கரி, காற்றோட்டத்தால் தலைவாசலுக்கு மேலுள்ள அறையில் சென்று சேருமாறு அமைத்தார். அக்கரி எழுதும் மையாயிற்று.

அப்பள்ளிவாசல் சுல்தான் சுலைமானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் மதிலுக்கு வெளியே, தாமே அமைத்த சிறியதோர் அடக்கத்தலத்தில் சினான் துயில்கின்றார். அரசரின் பெயரைக் கல் சுமக்க, கலைஞரின் பெயரை விரலளவு தாள் நாடெங்கும் சுமந்து சென்றது.

நாமும் நம் பள்ளிவாசல்களின் வரலாற்றை எழுதும்போது, பொருள் வழங்கிய வள்ளல்களோடு, கல் அடுக்கிய கொத்தனார், மரம் இழைத்த தச்சர் ஆகியோரின் பெயர்களையும் பதிந்து வைப்போமாக!