கடவுளின் பண்புகள்

கடவுளின் பண்புகள் என்பவை, கடவுள் எத்தகையவர் என்பதை எடுத்துரைக்கக் கிறிஸ்தவ இறையியல் வகுத்துள்ள இயல்புகளாகும். இவற்றுக்கு ஆதாரமான மறைநூல் பகுதிகளுள் யாத்திராகமம் 34:6-7 முதன்மையானது. சீனாய் மலையில் மோசேக்குத் தம்மை இரக்கமும் பொறுமையும் உள்ளவராக அறிவிக்கும் கடவுள், அதே இடத்தில் குற்றத்தைத் தண்டியாமல் விடாதவராகவும் அறிவிக்கிறார். சீர்திருத்த மரபினர், நித்தியம், மாறாமை போன்று படைப்பு எதற்கும் உரியனவாகாத பண்புகளையும், அன்பு, ஞானம் போன்று மனிதரிடமும் ஓரளவு காணப்படும் பண்புகளையும் பிரித்துக் கூறுவர். கற்பிப்பதற்கு இப்பிரிவு எளிதாயினும் அதன் எல்லை அத்துணைத் தெளிவானதன்று.

இதனினும் ஆழமானது, இப்பண்புகள் கடவுளிடத்தில் தனித்தனிக் கூறுகளாக உள்ளனவா என்னும் வினா. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கடவுள் கூறுகளால் ஆனவர் அல்லர் என்றும், அன்பை உடையவர் என்பதோடு அமையாமல் அன்பாகவே இருப்பவர் என்றும் நிறுவ முயன்றார். இது கூறின்மைக் கோட்பாடு எனப்படும். இதன்படி இரக்கமும் நீதியும் ஒன்றையொன்று வெல்ல முயலும் இரு ஆற்றல்கள் அல்ல. ஒரே இறைமையே மனித அறிவுக்கு அவ்வாறு பலவாகத் தோன்றுகிறது. கிழக்கு மரபுவழித் திருச்சபையிலோ, அறியவொண்ணாத இறைச் சாரத்தையும் மனிதர் பங்குபெறக்கூடிய இறை ஆற்றல்களையும் வேறுபடுத்திய இறையியலாளர் கிரகோரி பலாமாஸின் போதனை, 1351இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கத்தால் உறுதிசெய்யப்பட்டது.

மாறாமைப் பண்போடு இணைத்துப் பேசப்படும், கடவுள் துன்புறார் என்னும் பழங்கொள்கையை, ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியான ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ நூலில் வன்மையாக மறுத்தார். சிலுவையை மையமாகக் கொண்ட சமயத்தில் இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது; ஆயினும் இறைவனின் மாறாமையைக் கைவிட்டு அதை ஏற்பது, துன்புறுவோர் பற்றிநிற்கும் உறுதியையே தளர்த்திவிடும்.