கண்டியில் மூன்று நாட்கள்

கனடாவில் வாழும் என் சகோதரியின் மகள் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வரவிருப்பதாகவும் கண்டியில் மூன்று நாட்கள் தங்க உத்தேசித்திருப்பதாகவும் எழுதி, பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலொன்றையும் இணைத்திருந்தாள். தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா, பின்னவல யானைகள். குறைசொல்ல முடியாத பட்டியல்தான். ஆனால், கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. "மாமா, அது சிங்களவர்களின் நகரந்தானே, அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று மூத்தவன் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?"

பேராதனை வளாகத்தில் கலைப்பீட மாணவனாகக் கழித்த காலத்தில் இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அப்போது கிடைக்காத பதிலை இப்போது மூன்று நாள் பயணத் திட்டமாக எழுதி அனுப்பினேன். வேறு வாசகர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதல் நாளை நகருக்குள்ளேயே செலவிடுங்கள். தலதா மாளிகையில் நாளொன்றுக்கு மூன்று முறை பூசை நடைபெறுகிறது. காலைப் பூசைக்குச் செல்வது நல்லது. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அவசியம். மாளிகையின் முகப்பில் தெரியும் எண்கோண மண்டபத்தையும் எதிரேயுள்ள ஏரியையும் அமைத்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவனது இயற்பெயர் கண்ணுசாமி. மதுரையிலிருந்து மணவுறவின் வழியே வந்த நாயக்கர் வம்சம் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டது. தெலுங்கு வழிவந்த அவர்கள் தமிழ் அறிந்தவர்கள், சிங்கள மக்களை ஆண்டவர்கள், பௌத்தத்தைப் பேணியவர்கள். அவ்வம்சத்தின் இரண்டாம் மன்னனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்திலேயே, 1753இல், சீயத்திலிருந்து உபாலி தேரர் வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாச் சடங்கை மீட்டார். இன்றைய சியாம் நிகாயத்தின் தோற்றம் அதுவே.

கண்ணுசாமியை மாவீரனாக மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள். வயல்நிலத்தை நீர்நிலையாக்கக் குடிமக்கள் கட்டாய உழைப்பில் வதைபட்டனர். 1814இல் எகலப்பொலையின் மனைவி மக்களை அவன் கொல்வித்த கொடூரத்தைக் கண்டி இன்றும் மறக்கவில்லை. வெறுத்துப்போன பிரதானிகள் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர். 1815 மார்ச் 2ஆம் திகதி, மாளிகைக்கு அருகிலுள்ள மரத்தூண் மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. 'மலபார்' இனத்தவருக்கு இனி அரசுரிமை இல்லை என்றும் மன்னனின் ஆண் உறவினர் அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டத்தின் கீழ்த் தண்டனை என்றும் அது விதித்தது. அதே ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலரின் கையொப்பங்களில் தமிழ் எழுத்துக்கள் காணப்படுவதுதான் வரலாற்றின் விசித்திரம்.

அம்மண்டபத்தின் முன்னே சில நிமிடம் நின்று, 1998 சனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் குண்டு லொறி இம்மாளிகையின் வாயிலில் வெடித்ததையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நமக்குப் பெருமை தருவதை மட்டும் பொறுக்கியெடுத்தால் அது வரலாறாகாது. பிறகு அருகிலுள்ள பத்தினி தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அங்கே வழிபடப்படுபவள் நம் கண்ணகி. எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களோடு அவளுடைய ஊர்வலமும் செல்கிறது. பெரஹரா காலத்தில் வருவதானால் அறைகளை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் பிலிமத்தலாவைப் பக்கமாகச் செல்லுங்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய மூன்று ஆலயங்களையும் ஒரு முச்சக்கரவண்டியில் அரைநாளில் பார்த்துவிடலாம். முதலிரண்டும் கம்பளை அரசின் காலத்தில், 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். கருங்கல் தூண்களைக் கண்டதும் தமிழகத்துக் கோயிலொன்றுக்குள் நுழைந்துவிட்டதாகவே தோன்றும், ஆனால் கருவறையில் இருப்பவர் புத்தர். லங்காதிலகவின் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் உள்ளன. எம்பக்கேயில் மரத்தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, அங்கு உறைபவர் கதிர்காமக் கடவுள் என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். திரும்பும் வழியில், 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைப் பூங்காவில் மாலையைக் கழிக்கலாம்.

மூன்றாம் நாள் தேயிலைக்குரியது. ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையொன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக உள்ளது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் முதல் தேயிலைத் தோட்டத்தை அமைத்த ஜேம்ஸ் ரெய்லரின் கதையும் பழைய இயந்திரங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவருக்கு முன்பே, கோப்பிக் காலத்தில், தமிழகக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு மன்னாரில் கரையிறங்கி, காடு கடந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தவர்களைத் தேட வேண்டியிருக்கும். அவர்களுள் நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அந்தக் கிராமங்களில் இலங்கைக்கே 'கண்டிச் சீமை' என்றுதான் பெயர். மலைகளைப் பொன்விளையும் பூமியாக்கிய அம்மக்களின் சந்ததியினரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது. ஆகவே, அருங்காட்சியகத்திலிருந்து இறங்கும்போது வண்டியை நிறுத்தி, லயன் வீடுகளின் பக்கமும் பார்வையைச் செலுத்துங்கள். அங்கே இருப்பவர்கள் காட்சிப்பொருள்கள் அல்லர். வணக்கம் சொன்னால் தேநீர் கிடைக்கும்.

சென்னை வழியாகத் திரும்பினால் நான்காம் நாள் ஒன்றும் உண்டு. மேதமகநுவரப் பகுதியில் பிடிபட்ட கண்ணுசாமி, 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832 சனவரி 30ஆம் திகதி அங்கேயே மறைந்தான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி உள்ளது. 1990இல் தமிழக அரசு அதனை முத்து மண்டபமாக எழுப்பியது.

இத்திட்டத்தைப் படித்துவிட்டு மூத்தவன் இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறான். "அப்படியானால் அந்த அரசன் தமிழனா, சிங்களவனா?" இதற்கு நான் பதில் எழுதவில்லை. மண்டபத்தின் முன் நின்றும், பாறைச் சாசனத்தைப் பார்த்தும், லயத்துத் தேநீரை அருந்தியும் முடித்தபின் அவனே எனக்குச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.