மார்பகப் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா?

"அடுத்த வாரமே ஆபரேஷன், மார்பகத்தை முழுசா எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டார்களா? கையெழுத்துப் போடும் முன் தாராளமாக இன்னொரு நிபுணரிடம் கேட்கலாம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமே வேண்டாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்திலேயே இது இருக்கிறது.

அதுக்குள்ள பரவிடுமே என்று பயமா? பொதுவாக ஓரிரு வாரத்தில் நிலைமை மாறிவிடாது. மாதக்கணக்கில் இழுப்பதுதான் ஆபத்து. மார்பகம் திடீரெனச் சிவந்து வீங்கியிருந்தால் மட்டும் நாள் கடத்தாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் போதுமா என்பது. ஆரம்ப நிலைக் கட்டிகளில் இரண்டு முறையிலும் உயிர்வாழும் வாய்ப்பு ஒன்றுதான் என்பதை, 20 ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002-லேயே காட்டிவிட்டன. அடுத்தது, ஹார்மோன் ரிசப்டர், ஹெர்-2 ரிப்போர்ட். அதைப் பார்த்த பிறகு, கீமோ முதலில், ஆபரேஷன் அப்புறம் என்றுகூட முடிவாகலாம். அந்த ரிப்போர்ட் வராமலே தேதி குறித்திருந்தால், இன்னொருவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது. லேபில் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்குங்கள். மும்பை வரை போக முடியாதவர்கள், டாடா மெமோரியல் நிபுணர்களின் கருத்தை 'நவ்யா' ஆன்லைன் சேவை மூலம் பெறலாம்.