செராஸுக்கு வர எடுத்த காலம்

1905 டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநோய் விடுதியின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் போட்டார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்களுக்கு முற்றத்தின் கிழக்கு வார்டு, இரட்டைப்படைக்கு மேற்கு வார்டு. கிழக்கே சியாம் பச்சரிசிச் சோறு. மேற்கே வங்காளப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் ஒன்றுதான்.

விடுதியைப் பெரிபெரி நோய் உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அரிசிதான் காரணமா என்று சோதித்தவர் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். ஓராண்டுக்குப் பின் பச்சரிசி வார்டில் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தார்கள். புழுங்கலரிசி வார்டில் அந்நோய்க்கு ஒரு சாவும் இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள். மலாயாத் தமிழர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டாததற்கும் அவர்கள் தின்ற புழுங்கல் சோறுதான் காரணம்.

1907-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இந்தச் சோதனையை மருத்துவ வரலாறு பெருமையோடு பேசுகிறது. பேசட்டும். ஆனால் மன நோவுக்காக அடைக்கப்பட்டவர்கள் சோற்றுக் கணக்காகவே வரலாற்றில் நிற்கிறார்கள். எண் போடப்பட்டவர்களிடம் சம்மதம் கேட்கும் வழக்கமும் அன்று இல்லை.

1911-ல் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில், பின்னாளில் மத்திய மனநோய் மருத்துவமனை எனப்பட்ட விடுதி திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். நாட்கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அடிக்கடி போய்வர எத்தனை தோட்டக் குடும்பங்களால் முடிந்திருக்கும்? போனவரைப் பற்றி வீட்டில் பேச்சே எழாமல் போவதற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம். ஊர்ப்பெயரே வசவாகிவிட்டதால், நோய் முற்றும்வரை ஆளை வீட்டுக்குள்ளேயே மறைத்துவைத்தார்கள்.

மலேசியாவில் சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1952-ன் சட்டத்துக்குப் பதிலாக 2001-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2010-ல்.

இதற்கிடையே 1997-ல் கோலாலம்பூரின் செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை எழுந்தது. மற்றத் துறைகளோடு மனநலத் துறையும் அங்கே உண்டு. சர்க்கரைக்கு வருபவரும் மனச்சோர்வுக்கு வருபவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும் எதற்கு வந்தார் என்று தெரியாது. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, ஊர் வாய்க்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு விளங்கும்.

பயம் ஊர் வாயோடு நிற்கவில்லை. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் தள்ள இடமளித்த குற்றவியல் சட்டத்தின் 309-வது பிரிவு 2023 வரை உயிரோடிருந்தது. உயிர் தப்பியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, போலீஸுக்குப் பயந்து நடந்ததை மறைப்பதா என்று குடும்பங்கள் தவித்த காலம் அது. 2023-ல்தான் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது.