வூஸ்டைட்டின் அடர்த்தி எதை எண்ணுகிறது?

வூஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில் இரும்பு எப்போதும் சற்றுக் குறைவு என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அந்தக் குறைவு படிகத்துக்குள் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1933-இல் ஜெட், ஃபூட் இருவரும் வெளியிட்ட அளவீடுகள், இரும்பு அமர வேண்டிய எண்முகி இடங்கள் ஆங்காங்கே தனித்தனியாகக் காலியாகக் கிடப்பதை மெய்ப்பித்துவிட்டன என்ற வாசிப்பு பாடநூல்களிலும் நிலைத்துவிட்டது. அந்த அளவீடுகள் அவ்வளவு தூரம் சொல்லவில்லை.

அவர்கள் வெளியிட்ட அட்டவணையின் முதல் வரிசையையே பார்க்கலாம். ஓர் ஆக்சிஜனுக்கு 0.945 இரும்பு, அலகுக்கூட்டின் விளிம்பு 4.301 ஆங்ஸ்ட்ராம், அளந்த அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.728 கிராம். கூடுதல் ஆக்சிஜன் இடைவெளிகளில் செருகியிருந்தால் அடர்த்தி 6.076 வந்திருக்க வேண்டும். இரும்பு விடுபட்டிருந்தால் 5.740. இரும்பின் விகிதம் 0.910 ஆகக் குறையும்போது அளந்த மதிப்பும் 5.613-க்கு இறங்குகிறது. ஆக்சிஜன் செருகல் என்ற கருதுகோள் இங்கேயே வீழ்ந்துவிடுகிறது. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அடர்த்தி என்பது ஒரு கூட்டுக்குள் இருக்கும் மொத்த நிறையை மட்டுமே அறியும். எந்த அணு எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எண்முகி இடத்திலிருந்து கிளம்பிய இரும்பு அருகிலுள்ள நான்முகி இடத்தில் குடியேறினாலும் நிறை மாறாது. அதாவது அட்டவணை தருவது காலியிடங்களின் எண்ணிக்கை அன்று. காலியிடங்களிலிருந்து இடைச்செருகல்களைக் கழித்த மீதி.

1960-இல் ராத் நியூட்ரான் விளிம்பு விளைவின் மூலம் நான்முகி இடங்களில் இரும்பைக் கண்டார். 1969-இல் கோக், கோயன் இருவரும் 0.902 இரும்பு விகிதமுள்ள ஒற்றைப் படிகத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, 13 காலியிடங்களும் 4 நான்முகி இரும்புகளும் சேர்ந்த கொத்து ஒன்றை முன்மொழிந்தனர். அந்த விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஆயிரம் எண்முகி இடங்களில் ஏறத்தாழ 142 காலி. ஏறத்தாழ 44 இரும்புகள் நான்முகி இடங்களில். அடர்த்திக்குத் தென்படுவதோ 98 மட்டும். 98 காலியிடங்கள் சிதறிக் கிடந்தாலும் இதே கூட்டளவுக்கு இதே அடர்த்திதான் கிடைக்கும்.

13:4 என்பதே இறுதி விகிதம் என்று இங்கே வலியுறுத்தவில்லை. கொத்தின் வடிவம் இயைபுக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாறக்கூடும். வேறு மாதிரிகளும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எனினும் காலியிடங்கள் தனித்தனியே சிதறிய படிகம் என்ற சித்திரத்துக்கு இனி இடமிருப்பதாகத் தோன்றவில்லை.

வூஸ்டைட் ஏறத்தாழ 570 பாகை செல்சியசுக்கு மேல்தான் நிலையானது. ஆகவே கொத்துகள் திடீர்க் குளிர்விப்பின் விளைவாக இருக்கலாம் என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. உயர்வெப்ப நிலையிலேயே நடத்தப்பட்ட நியூட்ரான் ஆய்வுகளும் நான்முகி இரும்பைக் கண்டிருப்பதால் அது நிற்காது. அளந்த அடர்த்தி, கணக்கிட்ட 5.740-ஐவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதையும் பெரிதாக்க வேண்டியதில்லை. மாதிரியிலுள்ள நுண்துளைகளே அதற்குப் போதுமான காரணம்.