மாரிஸ் கார்மடிக்குப் பிடித்த மெட்டு

அயர்லாந்தின் நாட்டுப்புற இசையைப் பிடிலில் கற்றாலும் புல்லாங்குழலில் கற்றாலும், தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும் மெட்டுகளில் ஒன்று ‘மாரிசன்ஸ் ஜிக்’. ஆடுவதற்கான மெட்டு. மூன்று மூன்றாகத் துள்ளும் திஸ்ர நடை. சுரங்களோ நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். பழகியவர்கள் ‘ஜிக்’ என்பதையும் விட்டுவிட்டு வெறுமனே ‘மாரிசன்ஸ்’ என்பார்கள். மாரிசனுடையது என்று பொருள். யாரோ ஒரு மாரிசன் இதை இயற்றினார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். அவர் இயற்றவில்லை.

ஜேம்ஸ் மாரிசன் 1893இல் ஸ்லைகோ கவுண்டியின் ரிவர்ஸ்டவுன் பகுதியில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க்கில் இசை கற்றுக்கொடுத்ததால் ‘புரொபசர்’ என்று பெயரெடுத்தார். 1920களிலும் 1930களிலும் அவருடைய பிடில் இசை ஏராளமான இசைத்தட்டுகளில் வெளிவந்தது. இந்த மெட்டை 1936இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். உடன் அக்கார்டியன் வாசித்தவர் கெர்ரி கவுண்டிக்காரரான டாம் கார்மடி. அந்தத் தட்டின் லேபிளில் மாரிசனின் பெயர் கலைஞர் என்ற இடத்தில்தான் இருந்தது. மெட்டின் பெயராக அச்சானது ‘மாரிஸ் கார்மடீஸ் ஃபேவரிட்’, அதாவது மாரிஸ் கார்மடிக்குப் பிடித்தது. மாரிஸ், டாமின் தந்தை.

மெட்டு கார்மடி வீட்டிலிருந்து வந்தது. பதிவுக்கு முந்தைய இரவில் டாமிடம் கேட்டு மாரிசன் எழுதிக்கொண்டார் என்று சொல்வார்கள். கார்மடிகள் அதற்கு வைத்திருந்த பெயரும் வேறு: ‘தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்’. ஹாப் என்பது பழைய அயர்லாந்து வீடுகளில் கணப்பை ஒட்டிய மேடை. கெட்டிலைச் சூடாக வைக்கிற இடம், குளிருக்கு ஒதுங்குகிறவர் உட்காருகிற இடம். அதன் குறுக்கே கிடக்கும் ஒரு குச்சி, அவ்வளவே பெயர். இத்தகைய பெயர்கள் அந்த இசையில் ஏராளம். மெட்டின் உணர்ச்சியை அவை வருணிப்பதில்லை. இன்னதென்று அடையாளம் காட்டினால் போதும். அடையாளமும் தொலைந்துபோனால் ஐரிஷ் மொழியில் ‘கான் அன்யிம்’ என்று எழுதிவிடுவார்கள். பெயரில்லாதது.

ஆக, அடுப்பங்கரைப் பெயர் ஒன்று, தந்தையின் விருப்பத்தைச் சொல்லும் பெயர் ஒன்று, மூன்றாவதாக மாரிசன். முதல் பெயர் போய் இரண்டாவது வந்ததில் ஒரு மகனின் அன்பு தெரிகிறது. கெர்ரியில் ஒரு வீட்டுக்குள் வாழ்ந்த மனிதரின் பெயர் நியூயார்க்கில் அச்சேறியது. ‘ஃபேவரிட்’ என்ற சொல்லின் நேர்மையையும் கவனிக்க வேண்டும். மாரிஸ் இயற்றினார் என்று அது உரிமை கொண்டாடவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது என்று மட்டும் சொல்கிறது.

மூன்றாவது பெயரை யாரும் உட்கார்ந்து சூட்டவில்லை. அன்றைய தட்டுகளின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். அமெரிக்காவில் இருந்த உறவினர்கள் அவற்றை ஊருக்கு அனுப்பினார்கள்; சாவி கொடுத்த கிராமபோனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் வாசிக்கப் பழகினார்கள். ஸ்லைகோவின் இன்னொரு மேதையான மைக்கேல் கோல்மன் 1934இல் மூன்று மெட்டுகளை ஒரு வரிசையில் பதிவு செய்ததால், இன்றும் பலர் அவற்றை அதே வரிசையில்தான் வாசிக்கிறார்கள். தட்டுக்கு அத்தனை செல்வாக்கு. லேபிளில் இருந்த எழுத்தைவிடக் காதில் விழுந்த வில்லுக்கே ஊர் பெயர் கொடுத்தது. “எந்த மெட்டு?” “அதான், மாரிசனுடையது.” ஆங்கில உடைமை உருபு இயற்றியவரையும் வாசித்தவரையும் கற்றுத்தந்தவரையும் விரும்பியவரையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. அந்த முடிச்சுக்குள்தான் கார்மடி காணாமற்போனார்.

சொல்லாராய்ச்சியில் அரிதாகக் கிடைக்கும் ஓர் இன்பம் இங்கே காத்திருக்கிறது. மாரிசன் என்ற குடும்பப் பெயரை ஆங்கில வழியில் பிரித்தால் ‘மாரிஸின் மகன்’. மெட்டைக் கொடுத்த டாம், மாரிஸின் மகனேதான்! இது தற்செயல். அயர்லாந்தில் மாரிசன் என்பது பல குடும்பங்களுக்கு ‘ஓ மூரியசான்’ என்ற ஐரிஷ் பெயரின் ஆங்கில வடிவமாக வந்தது. மகன் என்ற பொருளே அதில் இல்லை. ஆகவே இதை வேர்ச்சொல் விளக்கமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்தப் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் என் காதில் தந்தை மகன் இருவரும் விழுகிறார்கள்.

சுரக்குறிப்புப் பிரதிகள் இந்தக் கதையைக் காப்பாற்றவில்லை. முதல் சுரங்களை நீட்டி எழுதுகிறவர் உண்டு. மேலும் கீழுமாக உடைத்து எழுதுகிறவரும் உண்டு. நீட்டிய சுரத்துக்குள் விரல் சுழற்றும் கமகம் தாளில் ஏறுவதில்லை. இத்தனை வேறுபாட்டிலும் தலைப்பு பெரும்பாலும் ‘மாரிசன்ஸ்’தான். பெயரை நம்பினால் மெட்டைத் தேட முடியாது என்று நன்கு உணர்ந்தவர் பிரண்டன் பிரானாக். 1963இல் ஐரிஷ் ஆட்ட மெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்ட அவர், மெட்டின் தொடக்கத்தில் அழுத்தம் விழும் சுரங்களை எண்களாக மாற்றி அட்டவணை அமைத்தார். எத்தனை பெயரில் ஒளிந்திருந்தாலும் ஒரே மெட்டின் வடிவங்கள் அந்த எண்களின் வழியே ஒன்றுசேரும்.

அந்த எண்கள் மெட்டை அடையாளம் காட்டும். அது யார் வீட்டுக் கணப்பருகே ஒலித்தது என்று சொல்லா. அதற்கு 1936ஆம் ஆண்டு லேபிளைத்தான் பார்க்க வேண்டும். மெட்டைச் சுரப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தால், தலைப்பில் ‘மாரிஸ் கார்மடீஸ் ஃபேவரிட்’ என்று எழுதி, ‘மாரிசன்ஸ் என்றும் வழங்கும்’ என்று அடியில் குறிப்பேன். தட்டை வெளியிட்டபோது மாரிசனும் மெட்டை அந்தப் பெயரில்தான் கொடுத்தார்.