ஹான்பரி தெருவின் மூன்று சாட்சிகள்

1888 செப்டம்பர் 8 அன்று காலை, கிழக்கு லண்டன் ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டுப் பின்முற்றத்தில் ஆனி சாப்மன் கழுத்தறுபட்டுக் கிடந்தார். ‘ஜாக் தி ரிப்பர்’ பெயரில் பேசப்படும், இன்றுவரை துலங்காத கொலைகளில் அதுவும் ஒன்று. கொலையாளி இன்னார்தான் என்று அடித்துச் சொல்லும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பந்தயம் நமக்கு வேண்டாம். ஆனி எத்தனை மணிக்கு இறந்தார் என்பதிலேயே சாட்சிகள் முட்டிக்கொள்கிறார்கள்.

6.30க்கு வந்த டாக்டர் பிலிப்ஸ், உயிர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். அப்படியானால் 4.30க்குள் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 4.45 வாக்கில் அதே பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸில் உறுத்திய தோலை அறுத்ததாகவும், உடல் எதுவும் அங்கே இல்லை என்றும் ஜான் ரிச்சர்ட்சன் சொன்னார். அடுத்த வீட்டு ஆல்பர்ட் கடோஷ், 5.20ஐ ஒட்டி ‘வேண்டாம்’ என்றொரு குரலையும், சில நிமிடம் கழித்து வேலியில் ஏதோ மோதிய ஓசையையும் கேட்டார். எலிசபெத் லாங் என்பவரோ, 5.30க்கு வீட்டு வாசலருகே ஆனி ஓர் ஆணோடு பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார்.

டாக்டர் சொன்னதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. குளிர்ந்த காலை, இரத்தமெல்லாம் வடிந்த உடல், ஆகவே சூடு விரைவில் தணிந்திருக்கலாம் என்று அவரே சொல்லி வைத்தார்.

ரிச்சர்ட்சன்தான் சிக்கல். அன்று காலை இன்ஸ்பெக்டர் சாண்ட்லரிடம், பின்வாசலுக்கு வந்து நிலவறைக் கதவைப் பார்த்துவிட்டுப் போனதாக மட்டுமே அவர் சொல்லியிருந்தார்; பூட்ஸ் பேச்சே இல்லை. விசாரணையில் அவர் கொண்டுவந்து காட்டிய கத்தியோ மழுங்கல். சந்தையில் வேறொரு கத்தி இரவல் வாங்கித் தோலை அறுத்ததாகப் பிறகு சொன்னார். படியில் உட்காராமல் நின்றபடியே பார்த்திருந்தால், இடப்பக்கம் திறக்கும் கதவு உடலை மறைத்திருக்கும்.

என் தராசில் கனப்பது கடோஷின் வாக்குமூலம். வேலிக்கு மேல் எட்டிக்கூடப் பார்க்காதவர் அவர். பெயர் வாங்க நினைத்தவர் ஒரு முகத்தையாவது கண்டதாகச் சொல்லியிருப்பார். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயக் கடிகாரத்தை 5.32க்குக் கடந்ததால் அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு பிடிமானமும் உண்டு. கடோஷ் சொன்ன நேரத்துக்குப் பிறகும் ஆனியை உயிரோடு கண்டதாகச் சொன்ன லாங், மதுவடிசாலைக் கடிகாரம் அடித்ததை வைத்தே நேரம் சொன்னார். மணியோசையில் கால் மணி பிசகுவது பெரிய குற்றமல்ல. ஆனால் முன்பின் அறியாத முகத்தைப் போகிற போக்கில் பார்த்து, பிணவறையில் அதே முகம்தான் என்று சொன்னதை நான் அவ்வளவு நம்பமாட்டேன். டாக்டர் சொன்னது சரியென்றால் லாங் சொன்னது ஐயத்துக்குரியது என்று தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சனும் அறிக்கையில் எழுதினார்.

மரண விசாரணை அதிகாரி வின் பாக்ஸ்டர் டாக்டரை விட்டுச் சாட்சிகள் பக்கம் சாய்ந்தார். வீட்டில் குடியிருந்த 17 பேரில் ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை என்பது அதற்குத் தடையாகாது. கதவுகள் பூட்டப்படாத அந்த முற்றத்துக்கு அந்நியர் வந்துபோவது வாடிக்கை. காலடிச் சத்தம் கேட்டால் யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள்.